படர்க்கையிலிருந்து தன்மைக்கு: திருநர் பற்றிய தமிழ்ச் சொற்கள் – ஒரு நோக்கு

1

ஒரு மக்கட் பிரிவினரைக் குறிக்கும் சொற்கள் ஒரு தலைமுறைக் காலத்துள்ளேயே மூன்று நான்கு முறை மாறுமாயின், அதனை வெறும் வழக்கு மாற்றமாகக் கொண்டு அமைதியடைதல் ஆய்வாளருக்கு அழகன்று. பிறப்பின்போது தமக்கு இடப்பட்ட பாலுக்கு வேறான பாலினராகத் தம்மை உணர்வோரை 1980களில் தமிழ்ப் பத்திரிகைகள் ‘அலி’ என்றே எழுதின. 1990களில் ‘அரவாணி’ என்ற சொல் பரவலாயிற்று. அடுத்த பத்தாண்டின் முடிவுக்குள் ‘திருநங்கை’ அதன் இடத்தைப் பெற்றது. பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாகத் தம்மை உணர்வோருக்குத் ‘திருநம்பி’ என்ற சொல் அமைந்தது. இருசாராரையும், இவ்விரண்டிலும் அடங்காதோரையும் ஒருங்கே சுட்டத் ‘திருநர்’ என்ற சொல் இன்று எடுத்தாளப்படுகின்றது. இவற்றின் அருகே ‘மூன்றாம் பாலினம்’ என்னும் அலுவலக வழக்கும் நிலவுகின்றது.

இம்மாற்றங்களைக் கற்றோர் இருவகையாக எதிர்கொள்வதைக் காண்கிறோம். ஒருசாரார், இவை மேலைநாட்டுச் சிந்தனையின் இறக்குமதிகள் என்றும், தமிழ் மரபுக்கு இத்தகைய சொற்பெருக்கம் வேண்டாதது என்றும் கூறுவர். மற்றொரு சாரார், புதிய சொல்லை மனனஞ் செய்து பழைய சொல்லைக் கைவிட்டதும் தமது கடமை முடிந்ததெனக் கொள்வர். முன்னவர் மரபை அறியாதவர். பின்னவர் வாழ்க்கையை அறியாதவர். யார் யாருக்குப் பெயரிடுகின்றனர் என்னும் வினாவை எழுப்பாது விடுவதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அவ்வினாவைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடும், சென்ற அரை நூற்றாண்டு இலக்கியத்தின் துணையோடும் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழில் ‘பால்’ என்பது முதற்கண் இலக்கணச் சொல். பகுப்பு என்பது அதன் அடிப்பொருள். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்னும் ஐம்பாற் பகுப்பு மாணவர் யாவரும் அறிந்ததே. இப்பகுப்பு எவ்விடத்தில் தொழிற்படுகின்றது என்பது பெரிதும் சிந்திக்கப்படுவதில்லை. ‘நான் வந்தேன்’ என்னும் தன்மைக் கூற்றில் பால் இல்லை. ‘நீ வந்தாய்’ என்னும் முன்னிலையிலும் பால் இல்லை. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ என்னும் படர்க்கையிலேயே பால் வெளிப்படுகின்றது. தன்னைப் பற்றிப் பேசுவோனும் தன்னெதிரே நிற்பவரோடு பேசுவோனும் பாலைக் கூறவேண்டிய கட்டாயம் தமிழில் இல்லை. அங்கில்லாத ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போதே அவருக்குப் பால் வழங்கப்படுகின்றது. தமிழ் வினைமுற்றின் அமைப்பில் பால் என்பது பிறர் இடும் முத்திரையாகவே அமைந்துள்ளது எனலாம்.

இம்முத்திரை எளிதிற் பதியாத மாந்தரை நமது இலக்கண ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே அவர்களை எடுத்துரைக்கின்றார். அவர்களை உயர்திணையுள் வைக்கும் அவர், அவர்களைத் தனித்துக் காட்டும் ஈறு மொழியில் இல்லை என்றும், உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே அவர்கள் பெறுவர் என்றும் விதிக்கின்றார். அவர்களின் நிலையைக் கூறுதற்குத் ‘திரிதல்’ என்னும் வினையை அவர் ஆள்வதும் கவனிக்கத்தக்கது. ஓரியல்பு முதலில் வரையறுக்கப்பட்டு, ஏனையது அதனின்று திரிந்ததாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் மனிதராக ஏற்றல் என்னும் அடிப்படை அங்கே உறுதியாக உள்ளது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இப்பொருளை மேலும் நுணுகி நோக்குகின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால் என்பது அவர் கொள்கை. உடலுறுப்பைக் கொண்டன்றி, அவாவுதலைக் கொண்டு பால் துணியப்படுகின்றது. ஒருவர் எதுவாக இருக்க விரும்புகின்றாரோ அதுவே அவர் பால் என்னும் கருத்து, இந்திய உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி வழங்கிய தீர்ப்பில் உளநிலையையே அளவுகோலாகக் கொண்டமைக்கு வியப்பூட்டும் அளவு அணித்தாக உள்ளது. ஆனால் பவணந்தியார் அவ்வளவில் நிற்கவில்லை. அவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என ஒரு வாயிலைத் திறந்துவைக்கின்றார். தொல்காப்பியத்தில் உயர்திணையாய் இருந்தோர், நன்னூலில் வேண்டுமிடத்து ‘அது’ ஆகவும் கூடியவராயினர்.

புதிய சொற்கள் மரபுக்கு அந்நியமானவை என்போர் இவ்விதிகளை ஊன்றிப் படித்தல் வேண்டும். ஆணாகத் தம்மை உணர்வோரும் பெண்ணாகத் தம்மை உணர்வோரும் இருவேறு வகையினர் என்ற தெளிவு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிலக்கணத்தில் உண்டு. மரபைப் போற்றுவோரும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இன்று தெருவில் ஒரு திருநங்கையைச் சுட்டி ‘அது போகுது’ என ஏளனமாகக் கூறுவோனும் அதே மரபின் ஒரு வாயிலாலேயே நுழைகின்றான்.

3

பழைய இலக்கியத்தை நோக்குமிடத்து இப்படர்க்கை நிலை மேலும் புலனாகின்றது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்று. வாணனின் நகரில் காமன் பேடிக் கோலம் பூண்டு ஆடியதாக அதன் கதை அமையும். மணிமேகலையில் அதே ஆடலைத் தெருவில் நின்று கண்டுகளிக்கும் கூட்டம் காட்டப்படுகின்றது. ஈரிடத்தும் பேடு ஒரு கோலம், ஒரு காட்சி. பார்ப்போர் உளர், பார்க்கப்படுபவர் பேசுவதில்லை. நன்னூல் வகுத்த இருவகையுள் ஆண்மையை அவாவுவோர் காட்சியாகக்கூட இடம்பெறுதல் அரிது. இலக்கணம் இடமளித்த ஒருவருக்கு இலக்கியம் இடமளிக்கவில்லை. ‘திருநம்பி’ என்ற சொல் இத்துணைக் காலந் தாழ்த்துப் பிறந்தமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகலாம்.

காலப்போக்கில் ‘பேடி’ என்ற சொல் கோழையைக் குறிக்கும் வசையாயிற்று. இவ்விடத்தில் நாம் நம்மைப் பற்றியும் பேசுதல் கடமையாகும். நிலவுடைமைச் சிந்தனையைச் சாடியும் இனவொடுக்கலை எதிர்த்தும் எழுந்த மேடைப் பேச்சுகளிலும் கவிதைகளிலும் எதிரியை இழித்துரைக்கப் ‘பேடி’, ‘ஆண்மையற்றவன்’ என்னும் சொற்கள் தயக்கமின்றிக் கையாளப்பட்டன. அவற்றைக் கேட்டுக் கைதட்டியோருள் நாமும் இருந்தோம். சாதி சுட்டும் ஒரு சொல் மேடையில் ஒலித்திருந்தால் வெகுண்டெழுந்திருப்போம். இச்சொல் ஒலித்தபோது அதன் மெய்ப்பொருளாக ஒரு மனிதக் குழு உண்டென்பதே நினைவுக்கு வரவில்லை. முற்போக்கு விமர்சனம் வர்க்கம், சாதி, பெண்ணடிமை ஆகியவற்றைப் பகுத்தாய்ந்த அளவுக்கு இப்பொருளை ஆராயவில்லை என்பதை ஒளிவுமறைவின்றி ஏற்றல் வேண்டும்.

4

சொற்களின் அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். ‘அரவாணி’ என்ற சொல், விழுப்புரத்தை அடுத்த கூவாகத்தின் கூத்தாண்டவர் வழிபாட்டில் இருந்து எழுந்தது. களப்பலியாகும் அரவானை ஓரிரவு மணந்து, மறுநாள் தாலியறுத்துக் கைம்மை பூணும் சடங்கு அவ்விழாவின் மையமாகும். ‘அலி’ என்ற இழிசொல்லின் இடத்தில் ஒரு தொன்மமும் ஒரு கௌரவமும் உடைய பெயர் கிடைத்தமை அன்று பெரும் விடுதலையாகவே உணரப்பட்டது. தமிழ்நாடு அரசு 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் நல வாரியம் ஒன்றை நிறுவியபோது அதற்கு இட்ட பெயரும் ‘அரவாணிகள் நல வாரியம்’ என்பதே. எனினும் அப்பெயரின் எல்லைகள் விரைவில் தென்பட்டன. ஒரு நாள் மணமும் வாழ்நாட் கைம்மையும் ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளமாக அமைதல் தகுமா? கூத்தாண்டவரை வழிபடாத இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் அப்பெயர் எவ்வாறு பொருந்தும்? இவ்வினாக்களை எழுப்பியோர் புறத்தே நின்ற மொழியறிஞர் அல்லர், அப்பெயரால் அழைக்கப்பட்டவர்களே.

‘திருநங்கை’ என்ற சொல்லை முன்வைத்தவராக நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பரவலாகக் குறிப்பிடப்படுகின்றார். அரசும் ஊடகமும் அதனை ஏற்றன. ‘நங்கை’ என்னும் பழந்தமிழ்ச் சொல் பெண்ணெனும் ஏற்பை ஐயத்துக்கிடமின்றி வழங்குகின்றது. ‘திரு’ என்னும் முன்னொட்டு மதிப்பைத் தருகின்றது. ஆயினும் மதிப்பளித்தல் வேறு, தெய்வமாக்குதல் வேறு. ‘ஹரிஜனர்’ என்ற பெயர் கடவுளின் மக்கள் என உயர்த்திக் கூறியும் ஒடுக்கப்பட்டோரால் நிராகரிக்கப்பட்டது. இரக்கத்தால் இடப்பட்ட பெயரைக் காட்டிலும் ‘தலித்’ என்ற, தம் நிலையைத் தாமே கூறும் பெயரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ‘திருநங்கை’ அவ்வாறு புறத்திருந்து வந்ததன்று. சமூகத்தின் உள்ளிருந்து வந்தது. அதனாலேயே அது நிலைபெற்றது எனக் கருதுகிறோம். எனினும் பத்திரிகைகள் அச்சொல்லைத் திருநர் அனைவருக்கும் பொதுவாக வழங்கும்போது, திருநம்பியர் மீண்டும் மறைக்கப்படுகின்றனர். பிறப்பிலேயே இருபாற் கூறுகள் கலந்த உடலமைப்புடைய ஊடுபாலினரும் அவர்களோடு சேர்த்துக் குழப்பப்படுகின்றனர்.

‘மூன்றாம் பாலினம்’ பற்றிக் கருத்து வேறுபாடு மிகுதி. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்குச் சட்ட மதிப்பைத் தந்தது. அதனால் கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் உரிமை கோரும் வழி திறந்தது. மூன்றாவது எனில் முதலாவது யார், இரண்டாவது யார் என்னும் வினா ஒருபுறம் எழுகின்றது. ‘நான் பெண், என்னை மூன்றாவது என எண்ணிடுவது ஏன்’ என்னும் எதிர்ப்பு மறுபுறம் எழுகின்றது. இவ்விரண்டு பாலுள் எதிலும் அடங்காதவராகத் தம்மை உணர்வோருக்கோ அதே சொல் ஒரு புகலிடமாகின்றது. ஒரு சொல் ஒருவருக்குத் தளையாகவும் மற்றொருவருக்கு விடுதலையாகவும் ஏககாலத்தில் அமையக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

‘திருநர்’ என்ற சொல்லில் இலக்கண மாணவர் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. தமக்கென ஈறு இல்லாதோர் என்று தொல்காப்பியர் குறித்தாரல்லவா? ஆண்மையையும் பெண்மையையும் சுட்டாத, உயர்திணைப் பலர்பாலுக்கும் மதிப்புக்கும் உரிய ‘அர்’ ஈற்றை இச்சொல் தனதாக்கிக்கொண்டது. அஃறிணை என்னும் வாயிலை அடைத்து, உயர்திணை என்னும் வாயிலைத் திறந்த ஓர் ஆக்கம் இது. சென்னை உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் வழங்கிய உத்தரவொன்றின் தொடர்ச்சியாக, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பால், பாலீர்ப்பு சார்ந்த சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. சமூகத்தினரின் கலந்துரையாடல்களில் உருவான சொற்கள் அரச ஆவணத்தை எட்டியமை குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

5

பெயர்ச் சொற்களின் இவ்வரலாற்றைக் காட்டிலும் அடிப்படையானது, பேசும் இடத்தில் நேர்ந்த மாற்றமாகும். கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ என்னும் சிறுகதை, ஆணுடலோடு பிறந்து பெண்ணாகத் தன்னை உணரும் ஒருவரின் ஏக்கத்தைப் பரிவோடு தீட்டியது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994), சுயம்பு என்னும் மாணவர் மேகலையாக மாறும் வரலாற்றைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசென்றது. இவ்விரு படைப்புகளின் நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவை படர்க்கை இலக்கியங்கள். பரிவுடைய ஒருவர் பிறரைப் பற்றிப் பேசுகின்றார்.

2000களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ (2005) பலரின் வாய்மொழிகளைத் தந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ வெளிவந்தது. அதே ஆண்டில் பிரியா பாபுவின் ‘அரவாணிகள் சமூக வரைவியல்’, அடுத்த ஆண்டில் அவரது ‘மூன்றாம் பாலின் முகம்’ என்னும் நாவல், 2011இல் ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ ஆகியன தொடர்ந்தன. மொழியியல் பயின்ற வித்யா தமது நூலின் தலைப்பை ‘நான்’ என்னும் பாலற்ற தன்மைப் பெயரோடு தொடங்கியமையை நாம் தற்செயலாகக் கொள்ள விரும்பவில்லை. அச்சொல்லில் எவரும் அவருக்குப் பால் வழங்க இயலாது. அதனை அடுத்து வரும் பெயரோ அவர் தாமே தெரிந்தது. படர்க்கையாகவே இருந்த ஒருவர் தன்மையில் பேசத் தொடங்கும் கணத்தை அத்தலைப்பு தாங்கியுள்ளது.

இந்நூல்களுள் வழங்கும் சொற்கள் ஒருபடித்தானவை அல்ல. பிரியா பாபுவின் இரு நூல்கள் ஓராண்டு இடைவெளியில் இருவேறு சொற்களைத் தலைப்பிற் கொண்டுள்ளன. ரேவதியின் வாழ்க்கை 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது ‘ஹிஜ்ரா’ என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்றது. தமிழ்த் தலைப்பில் அச்சொல் இல்லை. அவரது எழுத்தில் ‘பொட்டை’ என்ற சொல்லும் இடம்பெறுகின்றது. வெளியார் வாயில் வசையாகும் அதே சொல், உள்ளோர் உரையாடலில் உறவுச் சொல்லாகின்றது. ‘கோத்தி’, ‘ஜமாத்’, ‘குரு’, ‘சேலா’ என்னும் சொற்களைக் கொண்ட தனியொரு வழக்கு நெடுங்காலமாக அச்சமூகத்தில் வாழ்கின்றது. உறுப்பு நீக்கத்தை ‘நிர்வாணம்’ என அவர்கள் குறிப்பர். பழைய உடலைத் துறந்து மறுபிறப்பு எய்துதல் என்னும் பொருளாழம் அதற்கு உண்டு. அரசும் நீதிமன்றமும் சொல் வழங்கும்வரை அவர்கள் பெயரற்றுக் காத்திருந்தனர் என எண்ணுவது நமது அறியாமை.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படுகின்றது. தம்மை இன்றும் ‘அரவாணி’ எனக் கூறும் ஒரு மூத்தவரிடம், அச்சொல் காலாவதியாகிவிட்டது எனத் திருத்தம் கூறும் படித்த இளைஞர், புதிய சொல்லைக் கொண்டு பழைய படர்க்கை அதிகாரத்தையே மீண்டும் செலுத்துகின்றார்.

6

இலங்கையின் நிலை சில வேறுபாடுகளை உடையது. தமிழ்நாட்டில் ‘பாலினம்’ என வழங்குவதை ஈழத்துப் பெண்ணிலைவாத எழுத்துகள் ‘பால்நிலை’ எனக் குறித்தன. இவ்வேறுபாடு சிறிதன்று. ‘இனம்’ என்பது மாறாத வகையை நினைவூட்டுவது; ‘நிலை’ என்பது சமூக உறவுகளால் அமைவது, மாறக்கூடியது. திருநர் வாழ்வைச் சிந்திப்பதற்கு நமது மண்ணில் வழங்கும் இச்சொல் கூடுதல் இடந்தருகின்றது. இதனை நாம் இழந்துவிடலாகாது.

சொல் வளமிருந்தும் சட்டத்தின் மொழி வேறாகவே இருந்துவந்துள்ளது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் குற்றமாக்கும் 399ஆம் பிரிவும் திருநருக்கெதிராகக் கையாளப்பட்டமை மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. தாமாக வாழ்ந்த ஒருவரைப் பிறராக நடித்தவரெனச் சட்டம் பெயரிட்டது. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையொன்று பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழுக்கு வழி செய்தது. அதனைக் கொண்டு பிறப்புச் சான்றிதழிற் பாலை மாற்றலாம் என்பது தென்னாசியச் சூழலில் மெய்யான முன்னேற்றமே. ஆனால் அதனை மனநல மருத்துவரே வழங்குதல் வேண்டும்; மாற்றமும் ஆண், பெண் என்னும் இரண்டினுள்ளேயே அமைதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், இந்நிலையை உளநோய்களின் அதிகாரத்தினின்று நீக்கிவிட்டது. நோயன்று என ஏற்கப்பட்ட ஒன்றுக்கு மருத்துவரின் சொல்லே வாயிலாக அமைவது, மருத்துவமும் ஒரு படர்க்கை மொழியாதலைக் காட்டுகின்றது.

பெயரிடும் உரிமைக்கான போராட்டம் நமக்குப் புதியதன்று. 1911ஆம் ஆண்டு முதலாகக் குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ எனக் கணக்கிட்ட மக்கள், தம்மை ‘மலையகத் தமிழர்’ எனக் கூறும் உரிமைக்காக நெடுங்காலம் வாதாடினர். கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் ‘பஞ்சமர்’ எனப் பெயரிட்டபோது, இழிவாக வழங்கிய சொல்லொன்று போராட்டத்தின் பெயராயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் புரிந்துகொண்ட ஒரு வாசகருக்குத் திருநரின் சொற்போராட்டம் விளங்காதிருக்க நியாயமில்லை. பெயர் மாறியதால் மட்டும் தோட்டத்தொழிலாளரின் காணியுரிமையோ, ஆலயக் கதவோ கிட்டிவிடவில்லை என்பதையும் அவர் அறிவார். ‘திருநங்கை’ என மரியாதையாக எழுதிய பத்திரிகையின் ஊரிலேயே அவருக்கு வாடகை வீடு மறுக்கப்படுமாயின், சொல் தன் பணியின் பாதியையே செய்துள்ளது.

ஆகவே, திருநர் பற்றிய ஒரு சொல்லை மதிப்பிடும்போது அது தூய தமிழா, மொழிபெயர்ப்பா என்பதை முதல் வினாவாகக் கொள்ளுதல் தகாது. அச்சொல்லை யார் தெரிந்தெடுத்தார், அதனைக் கூறியபின் அவருக்கு எவ்வுரிமை கிட்டியது என்னும் இரு வினாக்களுமே முதன்மையானவை. சொற்கள் இனியும் மாறும். ஒருவர் தம்மைப் பற்றி இதுகாறும் கூற இயலாதிருந்ததைக் கூற முற்படும்போதெல்லாம் மொழி அசைந்து இடங்கொடுத்தே ஆகவேண்டும். அவ்வாறு இடங்கொடுக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டென்பதை ‘அர்’ ஈறு காட்டிவிட்டது. நமக்கு அவ்வாற்றல் உண்டா என்பது, ஒருவர் ‘நான்’ எனத் தொடங்கும்போது நாம் அவரை முடிக்க விடுகிறோமா என்பதைப் பொறுத்தது.